பச்சை என்று சொல்லாதீர்கள்

கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு கோப்பைக் காட்டியிருப்பார்கள். அதில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்று ‘தெரிந்த பிழைகள்’, மற்றொன்று ‘செய்யப்போகும் மேம்பாடுகள்’. இரண்டாவதை ஆசையாகப் படித்திருப்பீர்கள். முதலாவதை யாரோ பழைய ஆட்கள் விட்டுப்போன குப்பை என்று நினைத்து மூடியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இத்தனைக்கும் அந்தக் குப்பையில் பாதி என் கையால் எழுதியது.

போன வருடம் ஓய்வு பெற்றேன். மலையடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் அப்பா விட்டுப்போன தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவ்வப்போது உங்களில் யாராவது அழைத்து, “மேடம், இந்த வரியை எதுக்கு எழுதுனீங்க?” என்று கேட்கிறீர்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் ஒரு வரியை எதற்காக எழுதினேன் என்பதைவிட, அதனால் என்ன நடந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது முக்கியம். பிழை எண் நான்கைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது பட்டியலில் அது இல்லை.

நம் கண்காணிப்பு நிரல் செய்கிற வேலை எளிமையானது. கொல்லிமலையில் நாம் இணைய இணைப்புக் கொடுத்திருக்கும் ஒவ்வொரு இடத்தையும், அது பள்ளிக்கூடமோ ரேஷன் கடையோ ஆஸ்பத்திரியோ, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். பதில் வந்தால் திரையில் பச்சை. வராவிட்டால் சிவப்பு. மலையின் முகட்டில் சமிக்ஞையை வாங்கி அனுப்பும் ரேடியோ கருவி வழியாகத்தான் கேள்வியும் போகும், பதிலும் வரும். மழைக்காலத்தில் அந்த முகட்டு ரேடியோ மந்தமாகிவிடும். அது தாமதித்தால் அதற்கு அப்பால் இருக்கும் எல்லா இடங்களும் ஒரே நேரத்தில் சிவந்து, அலாரம் அலறும். ஐந்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடும். ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படி அலறினால் எவருக்கும் பைத்தியம் பிடிக்கும்.

அதை நிறுத்த நான் சில வரிகள் எழுதினேன். முகட்டு ரேடியோ தாமதித்தால், அதற்கு அப்பால் இருக்கும் இடங்களுக்குக் கடைசியாக என்ன நிறம் இருந்ததோ அதையே வைத்துக்கொள். அவ்வளவுதான். அறை அமைதியானது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

சில நாட்களிலேயே அதன் ஓட்டை எனக்குத் தெரிந்துவிட்டது. முகட்டு ரேடியோ நாள் முழுக்க மந்தமாக இருந்தால், அப்பால் ஒரு இடத்தின் இணைப்பு செத்துக் கிடந்தாலும் திரையில் பச்சையாகவே தெரியும். நேர்மையாக அதைப் பட்டியலில் சேர்த்தேன். பிழை எண் நான்கு. முன்னுரிமை: குறைவு. ‘குறைவு’ என்று தட்டச்சு செய்தபோது எனக்குத் துளியும் தயக்கம் இருக்கவில்லை. இரண்டாவது பட்டியலில் அப்போது மலையின் வரைபடம், இணைப்பின் ஏற்ற இறக்கம் காட்டும் வண்ண வண்ண வளைகோடுகள், கைப்பேசியில் பார்க்கும் வசதி என்று எத்தனையோ வேலைகள் காத்திருந்தன.

மலைமேல் ஊர்ப்பகுதிகளை ‘நாடு’ என்பார்கள்; அதில் ஒன்றான குண்டூர் நாட்டில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. அங்கே மல்லிகா என்று ஒரு செவிலியர் இருந்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அங்கே டாக்டர் எல்லா நாளும் இருக்கமாட்டார். இல்லாத நாட்களில் நம் இணைப்பு வழியாகத்தான் கீழே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் திரையில் பேசி மருத்துவம் பார்ப்பார்கள். மழை பிடித்தால் மல்லிகாவிடமிருந்து அழைப்பு வரும்.

“ஏனுங்க மேடம், காலையில இருந்து நெட்டு வரலீங்க.”

நான் திரையைப் பார்ப்பேன். “இங்க பச்சையா இருக்குதுங்களே சிஸ்டர். உங்க கம்ப்யூட்டரை ஒருக்கா ஆஃப் பண்ணிப் போடுங்க.”

“ரெண்டு மூணு வாட்டி போட்டுப் பார்த்துட்டனுங்க.”

“இன்னொருக்கா போடுங்க சிஸ்டர். இங்க பச்சையாத்தான் இருக்குது.”

ஆஸ்பத்திரியில் கைப்பேசிக்கு டவர் எடுக்காது. மேலே ஒரு பாறைமேட்டுக்கு ஏறிப்போய்த்தான் அவர் எனக்குப் பேசுவார். போக வர அரை மணி நேரம் ஆகும். அவர் திரும்புவதற்குள் பல நாள் இணைப்பும் திரும்பியிருக்கும். அதனால் சொன்னது சரிதான் என்று நானும், எதற்கடா ஏறினோம் என்று அவரும் இருந்திருப்போம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது எங்கள் அறையில் அவருக்கு ஒரு பெயரே வைத்திருந்தோம். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி மாதம். நான்கு நாட்களாக விட்டு விட்டுப் பெருமழை. நிரலின் புதிய பதிப்பை, அதாவது வரைபடமும் வளைகோடுகளும் உள்ள பதிப்பை, வெளியிலிருந்து வந்த சில அதிகாரிகளுக்குக் காட்ட அன்றைக்கு ஏற்பாடாகியிருந்தது. எங்கள் மேலாளர் காலையிலிருந்தே சட்டைக் கைப்பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். பதினொன்றரை மணிக்கு அதிகாரிகள் வந்து அமர்ந்தார்கள். பெரிய திரையில் மலை முழுவதும் பச்சைப் புள்ளிகள். “இவ்வளவு மழையிலும் ஒரு சிவப்புகூட இல்லையே” என்று ஒருவர் வியந்தார். மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது வாசலில் ஒருவர் சொட்டச் சொட்ட நனைந்து நின்றார். மலையிலிருந்து இறங்கி எங்கள் ஊருக்கு வரும் பேருந்தின் நடத்துநர்.

“இங்க நெட்டு மேடம் யாருங்க? குண்டூர் நாட்டு நர்சம்மா இதைக் கையில குடுக்கச் சொன்னாங்க.”

நான்காக மடித்த தாள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதியிருந்தது. இன்றும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

‘மேடம், ஏழு மணியிலிருந்து நெட் இல்லை. மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் கிளை கழிக்க ஏறியவர் விழுந்துவிட்டார். பெயர் பொன்னுசாமி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அசைக்கக் கூடாது என்று சொல்கிறேன். வீட்டார் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோகிறோம் என்கிறார்கள். டாக்டர் சொன்னால்தான் கேட்பார்கள். பாறைக்குப் போகவும் நேரம் இல்லை, ஆளை விட்டுப் போக முடியாது. தயவுசெய்து பச்சை என்று சொல்லாதீர்கள்.’

நான் நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். குண்டூர் நாட்டு ஆஸ்பத்திரி பளிச்சென்று பச்சையாக இருந்தது.

“ஆம்புலன்சுக்கு அடிவாரத்துக்கு வந்ததும் போன் போட்டுட்டனுங்க” என்றார் நடத்துநர். “ஆனா எங்க வண்டி தாண்டுனவுடனே பின்னால வளைவுல கல்லு சரிஞ்சு ரோட்டை அடைச்சிருச்சுங்க. ஆம்புலன்சு முள்ளுக்குறிச்சி வழியாச் சுத்தித்தான் போகணும். ரெண்டு மணி நேரமாவது ஆகுமுங்க.”

பாதை அடைபட்டது கீழே இருக்கிற எங்களுக்குத் தெரியும். மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பொன்னுசாமியைத் தூக்கிப் பிக்கப் வண்டியில் போட்டுக் கிளம்பினால், எழுபது கொண்டை ஊசி வளைவில் பாதியில் மாட்டிக்கொள்வார்கள். முன்னே போகவும் முடியாது, மழையில் திரும்பவும் முடியாது. முதுகெலும்பு அடிபட்ட மனிதன் வண்டிப் பலகையில் குலுங்கிக்கொண்டு கிடப்பான்.

மேலாளரை ஓரமாகக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். அவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். “அரை மணி நேரத்துல இவங்க கிளம்பிருவாங்கம்மா. அதுவரைக்கும் ஸ்கிரீனை எதுவும் பண்ணாதீங்க. நீங்க பின்னாடி உட்கார்ந்து பாருங்க” என்றார்.

“இந்தப் பச்சை பொய்யிங்க சார்” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அதிகாரிகள் திரும்பினார்கள். அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. “மழையில இந்த நிறத்தை நம்ப முடியாது. அது எனக்கு முன்னாடியே தெரியும். எழுதியும் வெச்சிருக்கேன். இப்ப அங்க ஒருத்தர் அடிபட்டுக் கிடக்கறாரு. எனக்கு இந்த மேசை வேணும்.”

மேலாளர் நாற்காலியை இழுத்து எனக்கு வழிவிட்டார்.

ஆஸ்பத்திரியின் கருவியை நானே நேரடியாக அழைத்துப் பார்த்தேன். பதில் இல்லை. முகட்டு ரேடியோ மட்டும் இழுத்து இழுத்துப் பதில் சொன்னது. குண்டூர் நாட்டைப் பார்க்கும் பக்கம் செத்திருந்தது. வாழவந்தி நாட்டைப் பார்க்கும் பக்கம் உயிரோடு இருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் தொழில்நுட்பப் பணியாளர் செந்தில் முந்தின நாளே போய்த் தங்கியிருந்தான். பள்ளியின் இணைப்பு வழியாக அவனைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, முகட்டு ரேடியோவை இங்கிருந்தே அணைச்சுப் போட்டுப் பாக்கலாமா?”

என் விரலும் அதற்குத்தான் துடித்தது. இரண்டு நிமிட வேலை. பத்தில் எட்டுத் தடவை சரியாகிவிடும். ஆனால் அது திரும்ப எழுந்திருக்காவிட்டால் பள்ளிக்கூடத்து இணைப்பும் போய்விடும். செந்திலோடு பேச வழி இருக்காது. முகட்டுக்கு ஆள் அனுப்பப் பாதையும் இல்லை. மலை முழுவதும் இருண்டுவிடும். இருக்கிற ஒரே கயிற்றை இழுத்துப் பார்க்கிற நேரம் அதுவல்ல.

“வேண்டாம் செந்தில். அதைத் தொட வேண்டாம். உங்கிட்ட உபரி ரேடியோ இருக்குதா?”

“ஒண்ணு இருக்குதுக்கா.”

“அதைப் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில கட்டி, ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பு. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் அங்க இருக்கற ஆன்டெனாவைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் திருப்பு. மத்ததை நான் இங்கிருந்து பாத்துக்கறேன்.”

“கட்டறதுக்கு அரை மணி நேரம், போறதுக்கு முக்கால் மணி நேரம் ஆகுமேக்கா.”

அந்தக் கணக்கைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. நான் இணைப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். முதலில் போய்ச் சேர வேண்டியது ஒரே ஒரு சேதி. பாதை அடைபட்டிருக்கிறது, ஆளை அசைக்காதீர்கள், ஆம்புலன்ஸ் வேறு வழியில் வருகிறது. அதற்கு ரேடியோ தேவையில்லை, ஒரு இரு சக்கர வண்டி போதும். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார், “என்ன சொல்லணும்னு எழுதிக் குடுத்திருங்க, வழியில மறந்திரும்.” செந்தில் எழுதிக் கொடுத்தான். அவர் கிளம்பிய பிறகுதான் செந்தில் ஏணியைத் தேடினான்.

பிற்பாடு மல்லிகா சொல்லி எனக்குத் தெரிந்தது இது. ஆசிரியர் போய்ச் சேர்ந்தபோது பிக்கப் வண்டி அப்போதுதான் வந்து பின்பக்கமாக ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தது. பொன்னுசாமியின் மனைவி தலையணையும் போர்வையும் எடுத்து வண்டியில் வைத்துவிட்டார். நான்கு பேர் தூக்கத் தயாராக நின்றார்கள். மல்லிகா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டு, “என்னையத் தூக்கிப் போட்டுட்டுக் கொண்டுபோங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆசிரியர் உள்ளே வந்து, “ரோடே இல்லீங்க, எங்க கொண்டுபோறீங்க?” என்று கேட்டதும் அந்த நான்கு பேரும் கையை இறக்கினார்கள்.

செந்தில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூடுபனி. எதிர்மலையே தெரியவில்லை. பள்ளிக்கூடம் எந்தத் திசை என்று பார்த்து ஆன்டெனாவைத் திருப்புவது? தூக்க வந்த நான்கு பேரில் ஒருவர், பொன்னுசாமியின் தம்பி, கூரைக்கு ஏறி வந்து கையை நீட்டினார். “வெயில் நாள்ல பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் அந்தப் பலாமரத்துக்கு வலது கைப்பக்கம் தெரியுமுங்க. இன்னுங் கொஞ்சம். இன்னுங் கொஞ்சம். அங்கதானுங்க.” ரேடியோவின் முதுகில் சின்ன விளக்குகள் இருக்கும், சமிக்ஞை கிடைத்தால் ஒவ்வொன்றாக எரியும். ஒன்று எரிந்தது. விரலளவு நகர்த்தினார்கள். இரண்டாவது எரிந்தது.

இங்கே என் மேசையில் அந்த ரேடியோவிடமிருந்து பதில் வந்ததும் வீடியோ அழைப்பை இணைத்தேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரை ஏற்கெனவே காத்திருக்கச் சொல்லியிருந்தோம். படம் கட்டம் கட்டமாக வந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது. கழுத்தை எப்படிப் பிடிப்பது, எந்தப் பலகையில் எப்படி உருட்டி ஏற்றுவது, எங்கெங்கே கட்டுவது என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மல்லிகா சொன்னதைத்தான் அவரும் சொன்னார். வீட்டார் இப்போது கேட்டார்கள். முள்ளுக்குறிச்சி சுற்றி ஆம்புலன்ஸ் வந்தபோது பொன்னுசாமி பலகையில் பத்திரமாகக் கட்டப்பட்டிருந்தார்.

அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பல மாதம் படுக்கையில் இருந்தார். ஒரு கால் முழுதாகச் சரியாகவில்லை, ஊன்றுகோலோடு நடக்கிறார். மரம் ஏறுவதில்லை. மிளகு காயப்போடுவதையும் சந்தைக்கு அனுப்புவதையும் அவரே பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

பாதை திறந்ததும் நான் மலைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, ஆஸ்பத்திரி வாசலில் எல்லாம் மறந்துபோனது. “சிஸ்டர், நான்தான் அந்தப் பச்சை மேடம்” என்றேன்.

மல்லிகா சிரித்துவிட்டார். உட்காரவைத்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். இணைப்பு போன ஒவ்வொரு முறையும் தேதி, போன நேரம், வந்த நேரம். ஓரத்தில் சில வரிகளுக்கு எதிரே ‘பச்சை என்றார்கள்’ என்று எழுதியிருந்தது. திட்டியிருந்தால்கூட எனக்கு இத்தனை வலித்திருக்காது.

“எங்க நிரல் அங்க என்ன ஆச்சுன்னு தெரியாதப்போ பழைய நிறத்தையே காட்டிருதுங்க” என்று விளக்கினேன்.

அவருக்கு அது புரியவில்லை. அதாவது, அப்படி ஒருவர் செய்வார் என்பதே புரியவில்லை. நோயாளிகளின் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். “இங்க பாருங்க மேடம். பிரஷர் பாக்கற மிசின் ரிப்பேருன்னா நான் ‘பார்க்கவில்லை’ன்னு எழுதுவேன். நேத்து நார்மலா இருந்துச்சு, இன்னைக்கும் நார்மல்னு எழுதிட்டா என்னாகுமுங்க? உங்க மிசின்ல ‘பார்க்கவில்லை’ன்னு சொல்ல ஒரு கலரு இல்லீங்களா?”

இல்லை. இருந்ததெல்லாம் பச்சையும் சிவப்பும்தான்.

அந்த நோட்டை இரவல் வாங்கிவந்தேன். இணைப்பு போன நேரங்களை மழை பெய்த நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். மழை தொடங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் ஒவ்வொரு முறையும் போயிருந்தது. செந்தில் முகட்டுக்கு ஏறி, கம்பி இணையும் ஓர் இடத்தைப் பிரித்தான். உள்ளிருந்து தண்ணீர் வடிந்தது. இத்தனை காலம் நாங்கள் வானிலையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

மேம்பாடுகள் பட்டியலில் வரைபடமும் வளைகோடுகளும் கீழே இறங்கின. ‘தெரியவில்லை’ என்பதற்கு ஒரு சாம்பல் நிறம் முதலிடத்துக்கு வந்தது. அதைச் சேர்த்த முதல் வாரம் திரை பார்க்க அசிங்கமாக இருந்தது. எங்கு பார்த்தாலும் சாம்பல். மேலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “இவ்வளவு நமக்குத் தெரியாமலா இருந்துச்சு?” என்றார். ஆமாம், அவ்வளவு தெரியாமல்தான் இருந்தது. மாதக்கணக்கில் கேள்வியே போய்ச் சேராத ஒரு ரேஷன் கடையைக்கூட அப்போதுதான் கண்டுபிடித்தோம். ஒவ்வொரு சாம்பலையும் துரத்திப் போனோம். அந்த மேலாளர்தான் அதற்கு ஆளும் வண்டியும் கொடுத்தார்.

பிழைகள் பட்டியலில் ‘முன்னுரிமை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘இது யாரைப் பாதிக்கும்?’ என்று இன்னொரு கட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ‘பயனர்’ என்று எழுதினால் நிரல் ஏற்காது. ஒரு ஊரையோ ஒரு ஆளையோ எழுதியாக வேண்டும். அந்தக் கட்டத்தை எரிச்சலோடு நிரப்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நிரப்புங்கள். மல்லிகாவின் பெயரை எழுதியபிறகு பக்கத்தில் ‘குறைவு’ என்று எழுத எனக்குக் கை வந்திருக்காது. பிழை இருப்பது குற்றமில்லை. எல்லா நிரலிலும் இருக்கும், நீங்கள் எழுதுவதிலும் இருக்கும். தெரிந்த பிழையை எழுதிவைத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்தேனே, அதுதான் என் குற்றம்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு காலை, மின்சாரக் கோளாறில் குண்டூர் நாட்டு இணைப்பு போனது. திரையில் உடனே நிறம் மாறியது. செந்திலை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் கைப்பேசி ஒலித்தது. பின்னணியில் காற்று இரைந்தது.

“ஏனுங்க மேடம், நெட்டு போயிருச்சுன்னு சொல்லலாம்னு பேசறனுங்க.”

“தெரியுமுங்க சிஸ்டர். செந்தில் கிளம்பி இருபது நிமிசம் ஆச்சு.”



“அப்ப நான் எதுக்குங்க இத்தனை மேட்டுல மூச்சு வாங்க ஏறி வந்தேன்?” என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவரே சொன்னார்: “சரி, வந்தது வந்துட்டேன். புள்ள ஹாஸ்டல்ல இருக்குது, பேசி ஒரு வாரமாச்சு. அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறனுங்க. நீங்க வையுங்க மேடம்.”